யாரும் கை நீட்டாத ஆட்டம்

சீப்பை வலது கையால் தலை உயரத்துக்குத் தூக்க முடியாத வெண்டல் கிராட்ஸ், சனிக்கிழமை பேஸ்பால் மைதானத்தில் இறங்கி ஒரு முழு இன்னிங்ஸ் பந்து வீசுவதாக உள்ளூர் ரேடியோவில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி டோரீன் சமையலறை ரேடியோவை அப்போதுதான் அணைத்திருந்தாள்.

"சட்டைப் பொத்தானை யார் போட்டு விடறாங்கன்னும் சொல்லியிருக்கலாமே?"

"பேச்சு வாக்குல வந்துடுச்சு, டோரீன்."

"உனக்கு வாய் மட்டும்தான் இன்னும் ரிட்டயர் ஆகல."

ரேடியோக்காரன் இந்தக் காலத்தில் பந்து வீசும் பிட்சர்களைப் பற்றிக் கேட்டிருந்தான். வெண்டலுக்கு அது போதும். "அஞ்சாவது இன்னிங்ஸ் வந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஐஸ்ல வைக்கிறாங்க, மீன் மாதிரி" என்றார். நூறு பந்து வீசினால் மூச்சு வாங்குகிறது என்றார். அப்புறம் வழக்கம்போல தன் ஆட்டத்துக்கு வந்தார்.

ஹாலர்டன் ஊரில் அந்த ஆட்டத்தைக் கேட்காத காது கிடையாது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதில் முடியாமல் நீண்டுபோன ஆட்டத்தின் பதினாறு இன்னிங்ஸையும் ஒரே ஆளாக வீசி ஜெயித்தவர் வெண்டல். பிட்சரை மாற்ற வேண்டுமென்றால் கோச் பந்து வீசும் நடு மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டுவார். பேசாமல் பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அன்று யாரும் வரவில்லை, யாரும் கை நீட்டவில்லை. கோச் மர்வ் ஸ்டைகர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலை வெண்டலால் கையைத் தூக்க முடியவில்லை. அந்த வாரமே கிளப் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கை போனது, அதனால் வேலை போனது. பிறகு முப்பது வருடம் பெயின்ட் கடையில் டப்பா விற்றார். அதற்கெல்லாம் பதிலாக அவரிடம் இருந்தது ஒன்றுதான்: கோச் அவரை நம்பினார்.

"இப்பவும் வீசுவீங்களா?" என்று ரேடியோக்காரன் கேட்டபோது, "ஒரு இன்னிங்ஸ் என்ன, தூக்கத்திலயே வீசுவேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

மதியத்துக்குள் கிளப்பிலிருந்து போன் வந்தது. டிக்கெட் விற்பனையைக் கவனிக்கும் பிரியானா என்ற பெண்.

"சார், அருமையான யோசனை! சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி, நம்ம ஊர் தீயணைப்புக்காரங்களுக்கு எதிரா ஒரு இன்னிங்ஸ். மூணு பேரை அவுட் பண்ணணும், அவ்வளவுதான்."

வெண்டல் யோசித்தார். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அவர்களே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் கிளப்பில் பந்துகளை எண்ணாமல் யாரும் மூச்சுகூட விடுவதில்லை.

"ஒரு நிபந்தனை. நான் வீசுற பந்தை எவனும் எண்ணக் கூடாது. எண்ணினா வர மாட்டேன்."

"எண்ணிக்கையே கிடையாது! சார், இதையே போஸ்டர்ல போடுறேன்!"

போட்டுவிட்டாள். பாதி டிக்கெட் விற்றுப்போனது.

"கை உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடேன்" என்றாள் டோரீன்.

"உடையற கை எங்க காலத்துல யாருக்கும் கிடையாதுன்னு ரேடியோல சொல்லிட்டேனே."

வெண்டல் காரேஜில் இடது கையால் வீசிப் பார்த்தார். முதல் பந்து டோரீனின் கார் கண்ணாடியைப் பதம் பார்த்தது. இரண்டாவது எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டதை வைத்து ஊகித்துக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு இதைவிடச் சிறந்த யோசனை தோன்றியது. பிரியானாவைக் கூப்பிட்டார்.

"இன்னொரு நிபந்தனைம்மா. பெஞ்சுல மர்வ் ஸ்டைகர் உட்காரணும். அவர் வந்து கை நீட்டினாத்தான் பந்தைக் கொடுப்பேன். வேற எந்தக் கோச்சுக்கும் கொடுக்க மாட்டேன். அவர் இல்லைன்னா நானும் இல்லை."

மர்வ் ஸ்டைகர் செத்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு. முடிவெட்டும் கடையில் ஒருமுறை அவருக்கு இரங்கல் உரையே ஆற்றியிருக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது.

"சார், கிடைச்சுட்டார்! தொண்ணூத்தி நாலு வயசு. ஈரி டவுன் பக்கம் முதியோர் இல்லத்துல இருக்கார். வேன் அனுப்புறோம். 'இவரை எடுக்க ஒருத்தருக்குத்தான் உரிமை'ன்னு போஸ்டரையும் மாத்திட்டேன்."

மிச்ச டிக்கெட்டும் விற்றது.

"உயிரோட இருக்காராமா? வாழ்த்துக்கள்" என்றாள் டோரீன்.

சனிக்கிழமை அவள்தான் சீருடைக்குப் பொத்தான் போட்டு, தலை வாரி, தோளில் வலித் தைலம் தேய்த்து அனுப்பினாள். பெஞ்சில் சக்கர நாற்காலியில் மர்வ் உட்கார்ந்து ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், அன்றைய நிஜ ஆட்டத்தில் வீசப்போகும் சோதா என்ற பெயருடைய இளம் பிட்சர் தன் தோளை நீவிக்கொண்டிருந்தான்.

"எத்தனை இன்னிங்ஸ் தம்பி?" என்றார் வெண்டல்.

"அஞ்சு, சார். அதுக்கு மேல விட மாட்டாங்க."

"பாவம்."

மேட்டில் ஏறினார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. கையை இடுப்பு உயரத்துக்கு மேல் கொண்டுபோக முடியாததால், பக்கவாட்டில் சுழற்றி விட்டார். பந்து மூன்று முறை தரையைத் தொட்டு, வழியில் மனம் மாறி நின்றுவிட்டது. பந்தைப் பிடிக்க வேண்டிய கேட்சர் நடந்து வந்து எடுத்துக்கொண்டு போனான்.

நாலு தப்புப் பந்துக்கு ஒருவன் இலவசமாக முதல் தளத்துக்குப் போவான். முதல் தீயணைப்புக்காரன் போனான். இரண்டாமவன், மூன்றாமவன், நாலாமவன். தளங்கள் நிரம்பியதும், பின்னால் வந்தவன் தள்ளத் தள்ள ஒவ்வொருவனாக 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு வந்து ஓட்டம் எடுத்தார்கள், யாரும் மட்டையை வீசாமலே.

தடியாக இருந்த ஒருவன் தணிந்த குரலில் கெஞ்சினான். "ஐயா, கொஞ்சம் கிட்ட வர்ற மாதிரி போடுங்க. நானே அவுட் ஆயிடறேன்."

"என்னால முடிஞ்சா உன்னை நானே அவுட் பண்ண மாட்டேனா?"

அடுத்த பந்துக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். பந்து இன்னும் பாதி வழியில் இருந்தது.

வெண்டல் பெஞ்சைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். தோளைப் பிடித்துக்கொண்டார். மர்வ் அவரையே பார்த்தபடி கடுகு சாஸை நக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் இதையும் நாடகம் என்று எடுத்துக்கொண்டது. "எடுக்காதே! எடுக்காதே!" என்று மர்வைப் பார்த்துக் கத்தியது. பிரியானா ஆனந்தத்தில் குதித்தாள். ஒன்பது பேர் வீடு வந்துவிட்டார்கள். ஒருவன்கூட அவுட் இல்லை. வெண்டலின் விரல்கள் மரத்துப் போயின. முதல்முறையாக அவருக்கு அந்த நினைப்பு வந்தது: அந்த ஞாயிற்றுக்கிழமையும் யாராவது நடந்து வந்து கை நீட்டியிருந்தால்?

கடைசியில் பார்வையாளர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு டோரீன் வந்தாள். கைப்பையோடு புல்வெளியைக் கடந்து, மேட்டில் ஏறி, கையை நீட்டினாள்.

"கொடு."

"கோச் இல்ல நீ."

"சட்டையைக் கழட்டவும் நான்தானே வரணும்? கொடு."

கொடுத்தார். மைதானம் அழுதுகொண்டே சிரித்தது.

பெஞ்சுக்கு வந்து மர்வ் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"இன்னிக்கும் நீங்க என்னை எடுக்கல, கோச். அன்னிக்கு மாதிரியேதான். பொண்டாட்டி வந்து எடுக்கும்படி ஆச்சு. ஆனா நீங்க எடுக்கல. அந்த நம்பிக்கையிலதான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

மர்வ் ஹாட் டாக் காகிதத்தை மெதுவாகக் கசக்கினார். சோதாவின் தோளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெண்டலின் கையை.

"நம்பிக்கையா? நாளைக்கு வேணும்னு நினைச்ச கையை நானும் அப்பவே சீக்கிரமா ஆட்டத்துல இருந்து எடுத்துப் பத்திரப்படுத்திடுவேன், வெண்டல். உன்னை அன்னிக்குக் காலைலயே, ஆட்டத்துக்கு முன்னாடியே, டீம்ல இருந்து தூக்கியாச்சு. சொல்லத்தான் எனக்கு வாய் வரல."