ஒன்றும் விடாத மூட்டை

"கோப்பு அளவுக்கு மிஞ்சியது" என்று கணினி மறுபடியும் கையை விரித்தது. மீனவர் சங்கச் செயலாளர் லோறன்ஸ் அதை முறைத்துப் பார்த்தார். ஊராரின் தகரக் கொட்டில்களைப் பிடித்த படங்கள் இன்றைக்குள் மன்னார் வீட்டுத்திட்டக் கந்தோருக்குப் போய்ச் சேரவேண்டும். தவறினால், மீள்குடியேறிய இந்தக் கரையில் ஒருவருக்கும் இந்த வருஷம் கல்வீடு இல்லை.

கந்தோரில் இருந்த சுபத்திராவுக்குப் போன் எடுத்தார்.

"சுருக்கி அனுப்புங்கோ அண்ணை. அதுக்கெண்டு சொஃப்ட்வெயார் இருக்கு."

இருந்தது ஒன்றா இரண்டா! வலை வாங்கப் போனாலே கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்க்கிற மனுஷன், இதையும் ஒரு கை பார்ப்பதென்று இறங்கினார்.

சிலாவத்துறையில் போன் கடை வைத்திருந்த வஸீருக்கு எடுத்தார். அவன் முதலில் ஒன்றைச் சொன்னான். அது நெடுநேரம் அரைத்துவிட்டு, போட்டதைப் போட்டபடியே திருப்பித் தந்தது.

"இது லேசில சுருங்காது போல அண்ணன்," என்றான் வஸீர்.

"சுருங்காட்டி விடுவனோ? வேற சொல்லு."

அடுத்தது கடவுச்சொல் வைக்கச் சொன்னது. மாதாவின் பெயரை வைத்தார். திறக்கப் போனால் பிழை என்றது. மடுமாதா, மருதமடு மாதா என்று எப்படிக் கூப்பிட்டும் மாதா இரங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அதை விட்டிட்டுச் சாப்பிட வாங்கோ," என்றாள் மனைவி றஞ்சிதம்.

"உனக்கு வீடு வேணுமோ, சோறு வேணுமோ?"

"ரெண்டும்தான்."

கணினிக்கு மேலே மகள் சுவேதினி தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாளில் எடுத்த படம் தொங்கியது. கொட்டில் தெரியக்கூடாதென்று, மாடிவீடு வரைந்த திரைச்சீலையைப் பின்னால் கட்டி, வீடியோவும் படமுமாக எடுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் லோறன்ஸுக்கு வெட்கமாக இருக்கும். மாடி வேண்டாம், மழை ஒழுகாத ஒரு அறை போதும் அவருக்கு.

மூன்றாவது மென்பொருள், படங்களின் மூட்டையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புமாம். கோப்புறையில் கிடந்த எல்லாவற்றையும் மறுபடி தெரிவு செய்தார்.

"தேவையானதை மட்டும் பாத்து எடுங்கோவன்," என்றாள் றஞ்சிதம்.

"இத்தனை தரம் இடம்பெயர்ந்தும் உனக்குப் புத்தி வரேல்லையே? மூட்டை கட்டினா ஒண்டையும் விடப்படாது. விட்டிட்டு வந்த ஆட்டுக்கல்லுக்கு இண்டைக்கும் அழுறாய்."

ஆட்டுக்கல்லின் பேச்சு வந்ததும் றஞ்சிதம் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

துண்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. இணையம் அறுந்தபோது டொங்கிளைத் தடியில் கட்டிக் கூரைக்கு மேலே பிடித்தார். கடைசித் துண்டும் போனபின் சுபத்திரா போன் எடுத்தாள்.

"எல்லாம் வந்திட்டுது அண்ணை. ஆனா திறக்குதில்லை."

"அதே சொஃப்ட்வெயாரை அங்கையும் போடவேணும் பிள்ளை. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ."

"கந்தோர் பூட்டுற நேரம். நான் வீட்ட போகவேணும்."

"நானும் ஒரு வீட்டுக்குப் போகத்தான் பிள்ளை இந்தப் பாடு படுறன்!"

சுபத்திரா கணினியை மறுபடி போட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் விசைகளை அமத்தினாள். கொட்டிலில் றஞ்சிதமும் வந்து போனில் காதை வைத்தாள்.

"திறந்திட்டுது அண்ணை!"

றஞ்சிதம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கொட்டில் படங்கள் எல்லாம் சின்னன்தான், சுருக்காமலே அனுப்பியிருக்கலாம். உங்கட மகளின்ர முதல்நன்மை வீடியோ ஒண்டுதான் இவ்வளவு இடத்தையும் பிடிச்சிருக்கு," என்றாள் சுபத்திரா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுசரி அண்ணை, இவ்வளவு பெரிய மாடிவீட்டை வச்சுக்கொண்டு, உங்கட பேரையும் ஏன் இந்தக் கல்வீட்டு லிஸ்ட்டுக்க போட்டனீங்கள்?"