டி.வி.க்கு மட்டும் பிறந்த ஆவணி

ஆவணி பிறக்கும்வரை பெட்டியைத் தொடமாட்டேன் என்று தங்கப்பாண்டி சத்தியம் செய்தது ஆடி ஒன்றாம் தேதி. மீறியது ஆடி பன்னிரண்டு. இடையில் பதினோரு நாள் தாக்குப்பிடித்திருக்கிறானே, அதைப் பாராட்ட ஓர் ஆள் இல்லை. அதுதான் அவனுக்கு இன்றுவரை மனக்குறை.

பெட்டிக்குள் இருந்தது நாற்பத்து மூன்று அங்குல ஸ்மார்ட் டி.வி. தலை ஆடிக்கு வந்த சீர். மாமனார் தவசி சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். முதல் ஆடிக்கு மகள் தாமரைச்செல்வியை அழைத்துப்போக வந்தவர், வெறுங்கையோடு வரக்கூடாதென்று டி.வி.யைச் சின்ன வேனில் ஏற்றி ஆரப்பாளையத்துக்குக் கொண்டுவந்தார். மாடிப்படியில் தானே தூக்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். டி.வி.யை இறக்கினார், மகளை ஏற்றினார். இது லாபமா நட்டமா என்று யோசிக்கப் புது மாப்பிள்ளைக்கு நேரமே கொடுக்கவில்லை.

கிளம்பும்போது தாமரை பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"மாமா, ஆடியில புதுப்பொருள் எதையும் போடக்கூடாது. ஆவணி பொறக்கட்டும். நான் வந்ததும் ரெண்டு பேருமாச் சேந்து போடுவோம்."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"தொடுவீங்க. சரி, பந்தயம். ஆவணி வரைக்கும் போடாம இருந்தீங்கன்னா ரிமோட் ஆயுசுக்கும் உங்க கைல. போட்டுட்டீங்கன்னா ஆயுசுக்கும் என் கைல."

தங்கப்பாண்டிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் வீட்டு ரிமோட் அப்பாவின் தலையணைக்கடியில் தூங்கியது. கல்லூரி விடுதியில் அது வார்டனின் சட்டைப்பையில் இருந்தது. வேலைக்கு வந்து தங்கிய லாட்ஜில் அதை மேசைக்காலோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் பரம்பரையிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன்தான். பட்டம் கைக்கு வந்தது. ரிமோட் மட்டும் வரவில்லை.

"சத்தியமா ஆவணி பொறக்காம டி.வி. போடமாட்டேன்" என்றான்.

அவன் பயந்த சுபாவம். சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடாமல் படித்துவிட்டு, கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறவன். பெட்டியைத் தினமும் துடைத்தான். சாப்பிடும்போது அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீழ்வீட்டு அப்துல் ஹலீம் பாய் மாடியேறி வருகிறவரைக்கும்.

பாய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராவல் பேக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு தட்டு சமோசாவோடு வந்து நின்றார். காரணமில்லாமல் சமோசா வராது.

"தம்பி, நாலரைக்குக் கோயமுத்தூர்ல கபடி பைனல். நம்ம ரோஷன் ஆடுறான். என் மச்சான் மகன். யூடியூப்ல லைவ் போடுறாய்ங்க."

"போன்ல பாருங்க பாய்."

"செமி பைனல் போன்லதான் பாத்தேன். எறும்பு எறும்பப் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. ரோஷன்னு நெனச்சு அரைமணி நேரம் நடுவருக்குக் கைதட்டியிருக்கேன். என் வீட்டு டி.வி.யோ முதுகு பெருத்த டி.வி. அதுக்கு யூடியூப்னா என்னான்னே தெரியாது. அதான் உங்ககிட்ட புதுசு..."

"அது பொட்டில இருக்கு பாய். ஆடி மாசம். போடக்கூடாது."

பாய் சமோசாவை நீட்டியபடியே கேட்டார். "ஆடி நமக்குத்தானே தம்பி? டி.வி.க்கு ஏது ஆடி?"

அந்தக் கேள்வியில் தங்கப்பாண்டிக்கு ஒரு வெளிச்சம் அடித்தது. ஆவணி பிறக்காமல் போடமாட்டேன் என்றுதானே சத்தியம்? யாருக்கு ஆவணி பிறக்க வேண்டும் என்று சத்தியத்தில் எங்கே இருக்கிறது?

பெட்டியைப் பிரித்தான். ஒவ்வொரு தெர்மோகோலையும் எடுப்பதற்கு முன்னால் போனில் படம் பிடித்துக்கொண்டான். இருந்த மாதிரியே திரும்ப அடுக்க வேண்டுமே! டி.வி.யை மேசையில் நிறுத்திச் சுவிட்சைப் போட்டான். அது முதல் வேலையாகத் தேதி கேட்டது. தானாக எடுத்துக்கொள்ளவா, நீங்களே வைக்கிறீர்களா?

"நானே வைக்கிறேன்" என்று டி.வி.யிடம் வாய்விட்டே சொன்னான். ஆகஸ்ட் பதினேழு. ஆவணி ஒன்று. அவசரத்தில் ரிமோட்டை ஒரு அழுத்து அதிகமாக அழுத்தியதில் வருஷமும் ஒன்று தாண்டிவிட்டது. அடுத்த வருஷத்து ஆவணி. பரவாயில்லை, சத்தியத்துக்கு இரட்டைப் பூட்டு என்று விட்டுவிட்டான்.

"பாத்தீங்களா பாய்? டி.வி.க்கு ஆவணி பொறந்துருச்சு."

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய். "யூடியூப போடுங்க."

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. டி.வி. வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. தங்கப்பாண்டிக்கு அது தெரியாது. இணைப்பு கொடுக்க ஆள் வந்த அன்று அவன் ஆபீசில் இருந்தான். பாஸ்வேர்டு வைத்ததும், அவன் போனிலும் லேப்டாப்பிலும் அடித்துக் கொடுத்ததும் தாமரைதான். வேறு வழியில்லை. சோழவந்தானுக்குப் போன் போட்டான்.

"தாமர, நல்லாருக்கியா? சாப்ட்டியா?"

"மூணே முக்காலுக்கு என்னா சாப்பாடு? என்னா வேணும், சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. வைஃபை பாஸ்வேர்டு என்னா?"

"எதுக்கு?"

"லேப்டாப்புக்கு."

"அதுலதான் சித்திரைலருந்து நெட் ஓடுதே."

"இது வேற லேப்டாப்பு. ஆபீஸ்ல புதுசா குடுத்தாங்க."

"ஞாயித்துக்கெழமையா?"

"நேத்தே குடுத்துட்டாங்க. நேத்து... சூடா இருந்துச்சு. இன்னிக்குத்தான் ஆறுச்சு."

அந்தப் பக்கமிருந்து குரல் தேனாக வந்தது. தங்கப்பாண்டி அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும்.

"எழுதிக்கங்க மாமா. 'மாமா பொய் சொல்ல மாட்டாரு.' இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம."

"என்னாது?"

"அதான் பாஸ்வேர்டு. கல்யாணமான மொத வாரம் வச்சது. அப்ப புதுசுல்ல."

ரிமோட்டில் எழுத்து அடிப்பது லேசான காரியமில்லை. அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். 'பொய்' வந்தபோது அவனுக்கு நாக்கு வறண்டது. 'மாட்டாரு' வந்தபோது நெற்றி வேர்த்தது. ஆறு நிமிஷம் குற்ற வாக்குமூலம் எழுதுகிற மாதிரி எழுதி முடித்தான்.

திரையில் பதில் வந்தது. வைஃபை இணைந்தது. இன்டர்நெட் இல்லை.

"இணஞ்சதுக்கப்புறம் எப்படித் தம்பி இல்லைங்குது?"

"எனக்கும் அதான் பாய் புரியல."

ரௌட்டரை அணைத்துப் போட்டான். டி.வி.யை அணைத்துப் போட்டான். இரண்டையும் ஒன்றாக அணைத்து, ஒன்றாகப் போட்டான். ஒயர் எட்டுகிற தூரத்துக்கு ரௌட்டரைக் கொண்டுவந்து, பாயை ஸ்டூலில் ஏற்றி அவர் கையில் கொடுத்தான். பாய் அதைக் கோப்பை வாங்கின கேப்டன் மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"வருதா தம்பி?"

"இல்ல பாய்."

"கை வலிக்குது தம்பி."

"கொஞ்சம் இடது பக்கம் சாயுங்க."

மணி நாலு பதினெட்டு. திரும்பவும் சோழவந்தான்.

தாமரை சாதாரண ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய சித்தப்பாவின் இ-சேவை மையத்தில் மூன்று வருஷம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள். சோழவந்தானில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்த கை அது.

"வைஃபை ஏறிடுச்சு, நெட்டு இல்லைங்குதா?" என்றாள். "லேப்டாப்புல தேதி என்னா காட்டுது, பாருங்க. தேதி தப்பா இருந்தா நெட்டு உள்ள விடாது."

தங்கப்பாண்டி திரையை எட்டிப் பார்த்தான். "தேதியா? தேதி... ஆகஸ்ட் பதினேழு காட்டுது."

"எந்த வருஷம்?"

"அடுத்த வருஷம்."

"நல்ல லேப்டாப்பு. இன்னிக்குத் தேதிக்கு மாத்துங்க."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவன் டி.வி.யைப் பார்த்தான். ஆவணியை வைத்துக்கொண்டால் நெட் இல்லை. நெட் வேண்டுமென்றால் ஆடிக்குத் திரும்ப வேண்டும். ஆடிக்குத் திரும்பினால் சத்தியம் போச்சு. ஸ்டூலின் மேலிருந்து பாய் அவனைப் பார்த்தார். "தம்பி, டீம் உள்ள வந்திருக்கும்" என்றார்.

ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்? கண்ணை மூடிக்கொண்டு தேதியை மாற்றினான். ஆடி பன்னிரண்டு. அடுத்த நொடி யூடியூப் பளிச்சென்று வந்து நின்றது.

"வந்துருச்சு தாமர! வந்துருச்சு!"

"இருங்க, வச்சிராதீங்க. வேகமா ஓடணும்ல? யூடியூப்லயே செட்டிங்ஸ்னு இருக்கும். உள்ள போங்க. போனோட இணைக்கிறதுக்கு ஒரு நம்பர் காட்டும், பன்னெண்டு இலக்கம். அத நிதானமா வாசிங்க. மிச்சத்த நான் இங்கருந்து பாத்துக்கிறேன்."

என்ன ஒரு நல்ல மனைவி என்று தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யாராவது நம்பர் கேட்டால் போனையே அணைத்துவிடுகிறவன் அவன். பெண்டாட்டி கேட்கிறாள், கொடுக்காமல் இருப்பானா? பன்னிரண்டு இலக்கத்தையும் மும்மூன்றாகப் பிரித்து வாசித்தான். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் வாசித்தான்.

"அம்புட்டுத்தான் மாமா. வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டம் பிரமாதமாக இருந்தது. நாற்பத்து மூன்று அங்குலத்தில் ரோஷனின் முழங்கால் கட்டுகூடத் தெரிந்தது. பாய் ஒவ்வொரு புள்ளிக்கும் தங்கப்பாண்டியின் தொடையில் ஒரு அடி கொடுத்தார். தங்கப்பாண்டி ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் போட்டு, தெர்மோகோலைப் படத்தைப் பார்த்து அடுக்கி, டேப் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. கடைசி இரண்டு நிமிஷம். ரோஷன் ரெய்டுக்கு உள்ளே போனான்.

திரை மாறியது.

பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஓர் அம்மா தோன்றிக் கும்பிட்டார். அவர் தலைக்குமேல் கொட்டை எழுத்து: ஆடி மாதத்தில் செய்யவே கூடாத பதினோரு காரியங்கள்.

"தம்பி! ரோஷன் எங்க?"

"தெரியல பாய், கை பட்டிருச்சு போல." ரிமோட்டை அழுத்திக் கபடிக்கு வந்தான். ரோஷன் கோட்டைத் தொடப்போனான். மூன்றே நொடி. மறுபடியும் அந்த அம்மா. "முதலாவதாக, புதிய பொருட்களை..."

போன் அடித்தது.

"மாமா, லேப்டாப்புல படம் தெளிவா தெரியுதா?"

தங்கப்பாண்டி வக்கீல் மாதிரி ஆரம்பித்தான். "தாமர, சத்தியமா டி.வி.க்கு ஆவணி வச்சுத்தான் போட்டேன்."

"தெரியும். ஆவணி ஒண்ணாந்தேதிய எந்த ஆபீஸ் லேப்டாப்பு மாமா தானா வச்சுக்கிரும்? ஆனா நெட்டு வேணும்னதும் நீங்களே ஆடிக்கு மாத்துனீங்க. நான் போன்ல கூடவேதான் இருந்தேன்."

"அந்தப் பன்னெண்டு நம்பரு?"

"அது டி.வி.ய என் போனோட சேக்குற நம்பரு. லேப்டாப்புல அது வராது மாமா. நீங்க ரெண்டு தடவ வேற வாசிச்சீங்க."

பாய் பொறுக்கமாட்டாமல் போனைப் பிடுங்கினார். "தங்கச்சி, நான் ஹலீம் அண்ணன் பேசுறேன். ரோஷன் உள்ள போயிருக்கான்மா. ரெண்டே நிமிஷம் விடும்மா, புண்ணியமாப் போகும்."

"அய்யோ, ஹலீம் அண்ணனா? மொதல்லயே சொல்லக்கூடாதா?"

தங்கப்பாண்டி எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கபடி வந்தது. ரோஷன் மூன்று பேரை உதறிக்கொண்டு கோட்டில் விழுந்துகிடந்தான், கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பாய் போனுக்கே ஒரு சலாம் வைத்தார். "நல்லாருக்கணும் தங்கச்சி" என்றார். வீட்டுக்காரன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கப்பாண்டி போனை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சரி தாமர, தோத்துட்டேன். நாளைக்கே பஸ் ஏறி வாரேன். ரிமோட்ட உன் கைல குடுத்துர்றேன்."

"அது எதுக்கு மாமா பஸ் செலவு? நீங்களே வச்சுக்கங்க, எனக்கு இனி அது தேவப்படாது."