சீனத்து எழுத்தாளருக்கு நான் சோறு போட்டது

எனக்குச் சோறு போடத் தெரியும்; கதைக்கத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் புது ஆள் வந்தால் குசினிக்குள் போய்விடுவேன். (கரண்ட் பில் எழுத வந்தவருக்கே ஒளித்திருக்கிறேன்.)

என் மருமகள் பரீனாவுக்குக் கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு விடுதியில் வேலை. அங்கே ஒரு சீனத்துப் பெண் எழுத்தாளர் வந்து தங்கியிருந்தா. தன் நாட்டு மலையிலும் புல்வெளியிலும் இருக்கிற சின்னச் சின்னச் சனக்கூட்டங்களோடு போய் இருந்து, உண்டு, உறங்கிப் புத்தகம் எழுதுகிறவவாம். இங்கேயும் அப்படி ஒரு வீடு வேணும் என்றிருக்கிறா. பரீனா எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டாள்.

"மாமி, தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை மன்னாரை விட்டு விரட்டின கதையைக் கேக்கத்தான் வாறா. நீங்கதான் சொல்லோணும்."

எனக்கும் உள்ளுக்குள் ஆசை. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்க வருகிறவர்களுக்கு என் கணவர் சொல்லுவார். நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டு ஆட்டுக்குச் சொல்லிப் பழகினேன். ஆடு பொறுமையாகத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை பகல் அவ வந்தா. கூடவே மொழிபெயர்க்க ஒரு ஆம்பிளை. அவ்வளவுதான். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

சஹனில் நெய்ச்சோறு. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. ஆம்பிளைகளுக்கு ஒன்று, எழுத்தாளருக்கும் பரீனாவுக்கும் ஒன்று. விருந்தாளிக்கு முன்னால் சஹன் காலியாய்க் கிடந்தால் எங்களுக்கு மானக்கேடு. அவவோ, போட்டதை மிச்சம் விட்டால் வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு என்று எங்கேயோ ஒரு மலையில் பழகி வந்திருக்கிறா. அவ தின்னத் தின்ன, திரைக்குள்ளிருந்து என் கை மட்டும் அகப்பையோடு நீண்டது.

"மாமி, போதும்!"

"சும்மா இரு. அவ வெக்கப்படுறா." (வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா?)

நாலாவது அகப்பையில் அவவுக்கு வேர்த்தது. ஆறாவதில் சுவரில் சாய்ந்தா.

மொழிபெயர்க்க வந்தவர் என் கணவரிடம் கேட்டார்: "உங்கட ஆக்கள் எப்பதான் நிப்பாட்டுவாங்க எண்டு கேக்கிறா."

"கையால தட்டை மூடச் சொல்லுங்கோ. மூடினாத்தான் இவள் நிப்பாட்டுவாள்."

பாவம், இஞ்சித் தண்ணீர் குடித்து, பாயில் படுத்து, பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் உறங்கினா. பிறகு பரீனாதான் தாங்கிப் பிடித்து வாகனத்தில் ஏற்றினாள்; நான் திரைக்குள்தான். அவ கதை கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

போன வருஷம் புத்தகம் வந்தது. ஒரு பக்கத்தில் படம்: எங்கள் திரை, நீண்ட கை, கையில் அகப்பை. பரீனா ஃபோனைச் சீன எழுத்துக்கு மேலே பிடித்து, அது தமிழாக்கினதை வாசித்தாள். இந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைத் தான் பார்க்கவேயில்லை என்று எழுதியிருக்கிறாவாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் ஒரே கூச்சல்தான்: "திரை அசையுது, தட்டை மூடு!" நானும் சிரிப்பேன்.

ஆட்டுக்கு மட்டும் சொன்ன ஒன்று இருக்கிறது. மன்னாரை விட்டு எங்களை வெளிக்கிடச் சொன்ன நேரம் நான் சோறு கிளறிக்கொண்டு நின்றேன். பயத்தில் அப்படியே ஓடினேன். வள்ளத்தில் ஏறின பிறகுதான் பார்த்தேன், கையில் பித்தளை அகப்பை. வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

படத்தில் இருப்பதும் அதுதான்.