முக்கால் சார் முடித்த மலை

தொடங்கிய காரியத்தை அந்தரத்தில் விடுவதில் எங்கள் தெரு முக்கால் சாரை அடித்துக்கொள்ள இந்தத் திண்டுக்கல்லில் ஆளே கிடையாது. ரிட்டயரான டிராயிங் வாத்தியார். அவர் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டே போய், மாடி இல்லாமல் வானத்தில் நிற்கும். இந்தி படித்தார். 'நல்லாயிருக்கீங்களா' என்று கேட்கக் கற்றுக்கொண்டார். பதில் சொல்லும் பாடத்துக்குப் போகவேயில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் புது ஷூவோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே அப்பு, சித்தையன்கோட்டைப் பக்கமா மலை ஏறி, ஆடலூரு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, அப்படியே கொடைக்கானல் ஏரி வரைக்கும் நடந்தே போகப்போறேன். வண்டியில ஏறவே மாட்டேன்."

தெருவே சிரித்தது. அவர் மனைவி பிலோமினா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மனுசன் ஒண்ணே ஒண்ண முடிச்சு நா கண்ணால பாத்துரணும்," என்று முட்டி வலியோடு, பின்னால் துணைக்கு வரும் வேனில் ஏறினார். மகள் ஸ்டெல்லா கேஸ் அடுப்பையும் அதில் ஏற்றினாள். டிரைவர் வேறு யார், இளிச்சவாயன் நான்தான்.

எங்கள் பக்கத்தில் பழனிக்கு நடப்பவர்களுக்குப் பின்னால் சோற்று அண்டாவோடு வேன் வரும். இந்தக் குடும்பமும் அதே முறைப்படி வளைவுக்கு வளைவு இலை போட்டது. காலையில் இட்லியும் கறிக்குழம்பும். மத்தியானம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமே நாலு வகை. தின்றுவிட்டு சார் காப்பித் தோட்டத்து நிழலில் செத்த நேரம் படுப்பார். குறட்டைக்குப் பயந்து குரங்குகள் தோட்டம் மாறின. மலையேறி இளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேன்ட் பட்டன் தெறித்தவரை அங்கேதான் பார்த்தேன். தாண்டிக்குடியில் ஓர் அம்மா, முருக பக்தர் என்று நினைத்துப் பானகம் கொடுத்துக் கும்பிட்டார். சார் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார்.

பெருமாள்மலையில் வந்தது பழைய வியாதி. ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"அம்புட்டுத்தான் அப்பு. பாதிக்கு மேலயே வந்தாச்சுல்ல? கதவத் தொற."

டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வேனை விட்டு இறங்கினார்.

"அப்பு, நீ வண்டிய எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போ. வண்டி இருந்தாத்தான ஏறுவாரு? நா இவரோட நடந்து வாரேன்."

"டீச்சர், உங்க முட்டி..."

"அது என் முட்டி. நீ போப்பா."

ஏரிக்கரையில் நானும் ஸ்டெல்லாவும் மாலையோடு காத்திருந்தோம். மாலை வாடியது. எங்களுக்கும் நம்பிக்கை போய்விட்டது. கடைசியில் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். டீச்சர் நொண்டிக்கொண்டு முன்னால். அவருடைய ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு சார் பின்னால். ஏரிக் கம்பிவேலிக்கு நாலடி இருக்கும்போது சார் நின்றுவிட்டார்.

"அய்யோ அப்பா, மறுபடியுமா!" என்று அலறினாள் ஸ்டெல்லா.

சார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நீ மொதல்ல தொடு, பிலோ," என்றார்.

டீச்சர் கம்பியைத் தொட்டார். பிறகு சார் தொட்டார். டீச்சர் விசும்பி விசும்பி அழுதார். நான் மாலையை டீச்சர் கழுத்தில் போட்டேன். பலமாகக் கைதட்டியவர் சார்தான்.

திரும்பும்போது டீச்சர் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன்.

"எழுப்பிராத அப்பு," என்றார் சார், மூச்சுச் சத்தத்தில். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இன்னொரு ரவுண்டு போ."

அந்த மனிதர் ஒன்றை முடிக்காமல் இழுத்தடித்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.