டேட்டா போர்ட் முற்றுகைப் படலம்

வாழி! ஒரே குளிர்பெட்டிக்குள் மூன்று வெப்பமானிகளைக் குடியமர்த்தி, மூன்றின் சராசரி கண்ட பின்னரே பாலைத் தொடும் மாவீரர் வாழி! குளியலறைத் தராசு காட்டிய எடையை நம்பாது, அத்தராசையே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மளிகைக் கடைத் தராசில் நிறுத்த நீதிமான் வாழி! அளந்தால் அன்றி அமைதி கொள்ளாத, மனைவி வீட்டாரால் ‘மீட்டர் மாப்பிள்ளை’ என்று முகத்துக்கு நேரே அன்போடும் முதுகுக்குப் பின்னே கூடுதல் அன்போடும் அழைக்கப்படும் அண்ணல் வாழி! பெட்ரோலும் மின்சாரமும் பங்காளிகளாய்க் கூடி இழுக்கும் தம் ஹைப்ரிட் காரிலே, ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுபவர் முழங்காலுக்கு எதிரே, வெளிச்சம் எட்டாத மூலையில் பதுங்கிக் கிடக்கும் டேட்டா போர்ட் என்னும் பதினாறு துளைக் கோட்டையை அவர் முற்றுகையிட்டு வென்ற வரலாறு இது.

போருக்குக் காரணம் பெரிது. அந்தப் போர்ட்டில் செருகினால் காரின் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் திரையில் எழுதிக் காட்டும் மானிட்டர் ஒன்றை மீட்டர் வாங்கினார். பின் சீட்டுக்கு அடியில் துயிலும் பெரிய பாட்டரியின் வெப்பம் முப்பத்து நான்கு என்றது அது. வேறொருவர் என்றால் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். மீட்டரோ, இது சொல்வது மெய்தானா என்று சோதிக்க இரண்டாவது மானிட்டர் வாங்கினார். அது முப்பத்தாறு என்றது. இருவர் வழக்கையும் தீர்க்க மூன்றாவது வந்தது. அது முப்பத்தைந்து என்று சொல்லி இரு தரப்புக்கும் நல்ல பிள்ளையாகிவிட்டது. ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகும் இடைவெளியில் பாட்டரி சூடேறியிருக்கலாம், ஆறியுமிருக்கலாம். ஆகவே மூன்று சாட்சிகளும் ஒரே நேரத்தில், ஒரே கூண்டில் ஏறி வாக்குமூலம் தரவேண்டும் என்று தீர்மானித்த மீட்டர், ஒரு பக்கம் ஒரு தலையும் மறுபக்கம் மூன்று தலையும் கொண்ட ஸ்பிளிட்டர் ஒயர் என்னும் நாகாஸ்திரத்தைத் தருவித்தார்.

எதிரணியில் நின்றவர் அவருடைய மனைவி. பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் செய்பவர். வீட்டார் வாயை மூடச் செய்பவர். கிளினிக் புறப்பட வேண்டிய அந்தக் காலைப் பொழுதில், மாடிப்படியின் உச்சியிலே, கையில் சீப்பே செங்கோலாக நின்று அந்த அம்மையார் அறிவித்தார்:

“இங்க பாருங்க. நான் தலை வாரிட்டு இறங்கறதுக்குள்ள மூணும் ஒழுங்கா ஓடணும். இல்லைன்னா மூணையும் பரண்ல தூக்கிப் போட்டுடுவேன். அப்பாவ வேற கண்ணாடிக் கடையில இறக்கி விடணும்.”

பரண்! மழைத்துளி எண்ணும் குவளையும், காற்றின் ஈரம் காட்டும் கடிகாரமும், பக்கத்து வீட்டு நாய் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறது என்று அறிய அதன் கழுத்தில் கட்டி, கடி வாங்கி, அவிழ்த்து வந்த பட்டையும் வெளிச்சம் மறந்து கிடக்கும் மீளாச் சிறை அது. அதனுள் புகுந்த கருவி எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மீட்டரின் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. எத்தனை துடிப்பு தவறியது என்று அவர் அளக்காத ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

வாசல் சிமெண்ட் தரையில் கால்கள் இரண்டும், காரின் மிதியடிமேல் முதுகும், பிரேக் பெடலின் நிழலில் தலையும் கிடக்க, வாயில் கவ்விய டார்ச்சோடு வீரர் மல்லாந்து பள்ளிகொண்டார். பின் சீட்டிலோ, மாமனார் முன்பே எழுந்தருளியிருந்தார்.

“மாப்ளே, கிளம்பியாச்சா?”

“இல்ல மாமா. இப்பத்தான் படுத்திருக்கேன்.”

“நான் பெல்ட்டு போட்டுட்டேன்.”

“இருக்கட்டும் மாமா.”

முதல் செருகலில் தலைகீழ். இரண்டாம் செருகலில் கோணல். மூன்றாவதில், மதயானை மதிற்கதவை மோதினாற்போல் மீட்டரின் பெருவிரல் மோத, ‘டிக்’ என்ற ஓசையோடு கோட்டை வாயில் திறந்தது. மூன்று தலைகளிலும் மூன்று மானிட்டர்கள் ஏறின. மூன்று திரைகளும் முன்கண்ணாடியின் அடியில் முடிசூடி ஒளிர்ந்தன. அவர் பட்டனை அழுத்தினார். வண்டி சத்தமே இல்லாமல் விழித்துக்கொண்டது. வெற்றிப் புன்னகை அரும்பி முடிவதற்குள், தனக்குத் தோன்றிய நேரத்தில் எழும் ஹைப்ரிட் எஞ்சின், அடிவயிற்றுச் சிங்கமாய்த் திடீரென உறும, வீரர் துள்ள, ஸ்டீயரிங்கின் அடிப்பாகமும் அவர் நெற்றியும் கைகலந்தன. நெற்றி தோற்றது.

அப்போதுதான் அமளி மூண்டது. முன் சீட்டுகளின் இடையே கழுத்தை நீட்டிய மாமனார் களச்செய்தி வாசித்தார்.

“மாப்ளே, பாட்டரி ஆயிரத்து இருநூறு டிகிரிங்குதே.”

“கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாருங்க மாமா.”

“துடைச்சுட்டுத்தான் சொல்றேன். ஆயிரத்து இருநூறு. பாட்டரி எனக்குக் கீழதானே இருக்கு?”

“ஆமா.”

“இறங்கிக்கட்டுமா?”

“வேணாம் மாமா, அது எஞ்சின் சுத்தற கணக்கு. இடம் மாறி வருது.”

“ரெண்டாவது பெட்டி நாம தொண்ணூறு வேகத்துல போறோம்னு சொல்லுது. அப்படின்னா கண்ணாடிக் கடை வந்திருக்கணுமே.”

மூன்றாவது திரை, இந்தக் கூத்தில் எனக்குப் பங்கில்லை என்பதுபோல் வெறும் கோடுகளைக் காட்டியது. மேலே சீப்பு ஓய்ந்து, பீரோக் கதவு சாத்தும் ஓசை இடிமுழக்கமாய் இறங்கி வந்தது. வியர்வை காதுக்குள் வழிய, வழி காணாத வீரர் கிடந்த அக்கணத்தில், மூன்று திசைகளிலிருந்து மூன்று அம்புகள் ஒருசேரப் பாய்ந்தன.

“என்னங்க, கிளினிக் சாவி எங்க?” என்றது மாடி.

“என்ன சார், ரிப்பேரா?” என்றது பக்கத்து வீட்டு மதில்.

“மணி என்ன மாப்ளே?” என்றது பின் சீட்டு.

வாயில் டார்ச்சோடு மீட்டர் ஒரே மூச்சில் மூவருக்கும் விடையளித்தார்: “ஃப்ரிட்ஜ் மேல, அதெல்லாம் ஒண்ணுமில்ல, எட்டரை!”

“ஃப்ரிட்ஜையா ரிப்பேர் பண்றீங்க?” என்றது மதில்.

“மணி ஒண்ணுமில்லையா?” என்றது பின் சீட்டு.

“எட்டரைன்னா? எட்டரைக்கு அப்புறம்தான் சாவி கிடைக்குமா?” என்றது மாடி.

இருண்ட கானகத்தில் மின்னல் வெட்டியதுபோல் வீரருக்கு ஞானம் பிறந்தது. ஆகா! என் நிலைதானே இந்தக் காரின் நிலையும்! மூவர் ஒரே நேரத்தில் பிடுங்கியெடுத்தால் பாவம் அது யாருக்கென்று பதில் சொல்லும்? எழுந்து அமர்ந்தார். எஞ்சின் சுற்று, வேகம், தண்ணீர்ச் சூடு முதலிய வீண் விசாரணைகள் அனைத்தையும் மூன்று மானிட்டர்களிலிருந்தும் நீக்கினார். பாட்டரியின் வெப்பம் ஒன்றை மட்டுமே கேட்கவேண்டும், அதையும் இடைவெளி விட்டுக் கேட்கவேண்டும் என்று ஆணையிட்டு, ‘சரி’யை அழுத்தினார்.

முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு!

பகை மறந்த மூவேந்தர் ஓரவையில் ஒருங்கே வீற்றிருந்தாற்போல் மூன்று திரைகளும் ஓர் எண்ணை ஏந்தி ஒளிவீச, வாகை சூடிய வீரர் நெற்றியில் புடைப்பும் கண்ணில் நீருமாக நிமிர்ந்த வேளையில், கைப்பையும் சாவியும் துலங்க அம்மையார் வந்து நின்றார்.

“பாத்தியா? மூணும் ஓடுது. மூணும் ஒரே நம்பர்!”

அம்மையார் குனிந்து, கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் நிதானத்தோடு மூன்றையும் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. மூணும் யாரைக் கேட்டுச் சொல்லுது?”

“காரைக் கேட்டுத்தான்.”

“ஒரே காரையா?”

“ஆமா... ஒரே காரை.”

“ஒரே ஆளை மூணு பேர் கேட்டா, அந்த ஆளு சொல்றதைத்தானே மூணு பேரும் சொல்லப் போறாங்க? இதுல யாரு யாருக்குங்க சாட்சி?”

நாவன்மையாலும் நாள்பட்ட பழக்கத்தாலும் பதில் சொல்லிப் பிழைத்துவந்த வீரர், அவ்வினாவின் முன் வில்லிழந்து, வேலிழந்து, வாயில் இருந்த டார்ச்சும் இழந்து நின்றார்.

“வாக்குன்னா வாக்கு, மூணையும் பரண்ல போட மாட்டேன். ஒண்ணு இருக்கட்டும். எதுன்னு சொல்லுங்க.”

பெற்ற மூன்றில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்று விதிக்கப்பட்ட தந்தையென அவர் திரைக்குத் திரை தடுமாற, பின் சீட்டிலிருந்து அசரீரி எழுந்தது.

“எழுத்து பெரிசா இருக்கறதை வைங்க மாப்ளே. நான் படிச்சுச் சொல்றேன்.”

பல் பிடுங்கிப் பழகிய அந்தக் கை ஒரு திருகு, ஓர் அசைப்பு, ஓர் இழுப்பில், வலி தெரியாமல் மற்ற இரண்டையும் பறித்துப் பைக்குள் இட, எஞ்சிய ஒற்றைத் திரை அண்டத்தையே ஒரு குடைக்கீழ் ஆளவந்த சக்கரவர்த்தியாய்த் தன்னந்தனியே தகதகத்து, பெரிய எழுத்தில் இப்போது முப்பத்தைந்து என்று முழங்கியது.

மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.