மடியில்லாத பால்

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் பால்பண்ணை வைத்து, மாட்டுமந்தையையே அதட்டி மேய்க்கிற கிளாரிக்கு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வராது: "நீ இல்லாம முடியல, வந்துடு."

மனைவி தெல்மா, மகள் ரோஸ்லினின் பிரசவத்துக்கு மெல்போர்ன் போனவள். குழந்தை பிறந்து, தவழவும் ஆரம்பித்தாயிற்று. இவள் திரும்புகிற வழியைக் காணோம். மனுஷன் ஏங்கியே இளைத்துப் போனார். அவள் கடைசியாகத் தேநீர் குடித்த குவளையைக்கூடக் கழுவ மனசு வரவில்லை. அந்தி சாய்ந்தால் ஓடைக்கரையில் அவள் உட்காரும் மரக்கட்டையில் போய் உட்கார்வார். அங்கே உட்கார்ந்து பிளாட்டிபஸ் பார்ப்பது தெல்மாவின் பைத்தியம். இவருக்கோ அது வாத்து மூக்கு வைத்த பெருச்சாளி.

கெஞ்சிக் கூப்பிட்டால் மானம் என்னாவது? ஒரு திட்டம் போட்டார். போன் அடித்தார்.

"தெல்மா! உன் பிளாட்டிபஸ் குட்டி போட்டிருக்கு!"

"குட்டியா? அது முட்டையில்ல போடும்?"

"அதான்... போட்டு, பொரிச்சிருச்சு. கரையிலயே படுத்துப் பால் குடுக்குது. ரெண்டு குட்டியும் காம்பை விடமாட்டேங்குது!"

"காம்பையா?"

"பின்னே? நம்ம கன்னுக்குட்டி மாதிரி முட்டி முட்டிக் குடிக்குது!"

"அடேங்கப்பா! சனிக்கிழமை வந்துடறேன்."

கிளாரி துள்ளினார். வீட்டைப் பெருக்கினார். முகம் மழித்தார். குவளையையும் கழுவினார்.

சனிக்கிழமை கார் வந்தது. ரோஸ்லின் கொட்டாவி விட்டபடி நேரே கட்டிலுக்குப் போனாள். தெல்மா இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள்.

"எங்க, அந்தக் காம்பைக் காட்டு."

"அது... இப்பதான் உள்ள போச்சு."

"அடப்பாவி கிழவா! அதுக்கு மடியும் கிடையாது, காம்பும் கிடையாது. வயித்துத் தோல்ல பால் கசியும், குட்டி நக்கிக் குடிக்கும். அதுவும் வளைக்குள்ள, வாசலை மண்ணு வச்சு அடைச்சுகிட்டு. காலம் பூரா மாட்டு மடியைப் பார்த்தவனுக்குப் பொய்யிலயும் மடிதான் வருது!"

"பொய்யின்னு தெரிஞ்சுமா வந்தே?"

"பெட்டி கட்டி ஒரு வாரமாச்சு. நீயா ஒருதடவை 'வா'ன்னு சொல்லுவியான்னு காத்துகிட்டிருந்தேன்."

"நீ இல்லாம முடியல, தெல்மா." இத்தனை மாதமாக வராத வாக்கியம் இப்போது தானாக வந்து விழுந்தது.

"தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குழந்தையை அவரிடம் கொடுத்து, பால்புட்டியையும் கையில் திணித்துவிட்டு ஓடைப்பக்கம் நடந்தாள்.

"ஏய், என்னை இப்படி மாட்டிவிட்டு எங்க போற?"

"பிளாட்டிபஸ் பார்க்க. அந்த முட்டை போடுற இனத்துலதான் அப்பனுக்கும் தாத்தனுக்கும் வேலை கிடையாது. நாம அந்த இனம் இல்ல. புட்டியைச் சாய்ச்சுப் பிடி. நீ ஆசைப்பட்ட மாதிரி, இதுல காம்பு இருக்கு!"