சலினாஸ் வெயிலில் உறைந்த இரண்டு விரல்கள்

ஹயூயா,
9 மார்ச் 1981

மதிப்பிற்குரிய மைத்துனர் எலெயுத்தேரியோ அரோச்சோ பகான் அவர்களுக்கு, எர்மோஹெனெஸ் கின்யோனெஸ் தோரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை புரொவியும் நலம். சிகாகோவில் தாங்களும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். அதற்கு மாறான ஆதாரம் எதுவும் இதுவரை என் கைக்குக் கிடைக்கவில்லை. மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை, இது நான்காவது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியதுபோல் தெரிந்தால் உடனே எழுதவும். எங்கள் தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். கொரியாப் போரில் பனியில் போன என் இடது கால் விரல்கள் இரண்டும் தங்களுக்கு நினைவிருக்கும். முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது மூன்றாவது விரலும் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. முன்னாள் வீரர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் அது போர்க்களத்தில் வந்த பாதிப்பு என்று ராணுவ ஏட்டில் இருக்க வேண்டுமாம். ஏட்டை வரவழைத்தார்கள். அதில் நான் கொரியாவுக்குப் போகவே இல்லை! இரண்டு வருஷமும் இதே தீவில், சலினாஸ் முகாமில், வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தேனாம். சலினாஸ் வெயில் தங்களுக்குத் தெரியாததா? அங்கே செருப்பில்லாமல் நடந்தால் கால் வேகும். கவுன்டரில் இருந்த பெண் ஏட்டைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "ஐயா, சலினாஸ்ல எப்படி ஐயா பனி விழுந்துச்சு? ஐஸ் பெட்டிக்குள்ள காலை விட்டீங்களா?" என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவனெல்லாம் சிரித்தான். அந்தப் பெண்ணுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

திருத்தச் சொல்லி ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். எட்டு மாதம் கழித்துத் திருத்தி அனுப்பினார்கள்: டிரம்பெட் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததாம், அதைச் சரிசெய்துவிட்டார்களாம். இதற்குள் நான் டிரம்பெட்காரன் என்ற செய்தி எப்படியோ ஊருக்குள் பரவி (எப்படி என்று தபால்காரரைத்தான் கேட்க வேண்டும்), முன்னாள் வீரர் சங்கத்தார் ஒரு சவ அடக்கத்தில் வாத்தியத்தை என் கையில் திணித்துவிட்டார்கள். எனக்கு ஊதத் தெரியாது என்றால், "அடக்கமான மனுஷன்"னு முதுகுல தட்டறாங்க. ஊதினேன் மச்சான். செத்தவரோட சம்சாரம் அழுகையை நிறுத்திட்டு என்னையே பார்த்தா.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் டிரம்பெட்காரன் என்றால், நிஜ டிரம்பெட்காரன் எங்கே? விசாரித்ததில் சியாலெஸில் ஒருத்தர் இருக்கிறார், பெயர் எர்மோஹெனெஸ் தோரோ கின்யோனெஸ். என் பெயரையே திருப்பிப் போட்டிருக்கிறான் பாருங்கள்! அப்பா வீட்டுப் பெயர் முதலில், அம்மா வீட்டுப் பெயர் கடைசியில் என்று எல்லாரையும்போல நான் வைத்திருக்க, இவன் திட்டம் போட்டு மாற்றி வைத்திருக்கிறான். இவனுடைய அப்பனையே விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். புரொவியிடம் சொல்லாமல் சியாலெஸ் கார் பிடித்தேன்.

ஆள் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். உஷாராக, வாடிக்கையாளன்போல நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பட்டாளத்துல இருந்தீங்களாமே?" என்றேன்.

"இருந்தேன். டிரம்பெட்டு. சலினாஸை விட்டு நகரலை."

"கொரியா?"

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் என்னையே பார்த்தார். "நீங்க... கின்யோனெஸ் தோரோவா?"

கையில் கத்தரியோடு ஒருத்தன் உன் பேரைச் சொன்னா நீ என்ன செய்வே? நான் துணியோட எழுந்துட்டேன். அந்த ஆள் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். கொரியாவில் போரிட்டவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம். "தபால்ல வந்துச்சுங்க, உள்ளே இருந்த சீட்டுல உங்க பேரு. மூணு தடவை திருப்பி அனுப்பினேன், மூணு தடவையும் எனக்கே வந்துடுச்சு. எவனோ குளிர்ல செத்துப் பொழைச்சு வாங்கினது, நான் எப்படி மாட்டிக்குவேன்? எடுத்துக்கங்க"ன்னு நீட்டறார். கண்ணு கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ செய்தது. ஆனால் வாங்கவில்லை. இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் ஏன் இருக்க வேண்டும்? வாங்கினால் நாளைக்கே 'பதக்கத் திருடன்' என்று எழுதிப் போட்டால்? முடிவெட்டக் காசும் வாங்க மாட்டேன் என்கிறார். பாதி வெட்டின தலையோடு வீட்டுக்கு வந்தேன். "இந்தக் கோலத்துல எங்கே போயிட்டு வர்றீங்க?" என்று தங்கள் தங்கை கேட்டதும் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆக, இனி நீ ஒருத்தன்தான் எனக்குச் சாட்சி. அன்றைக்குக் கொரியாவில் அந்த மலையில் என் பூட்ஸைக் கத்தியால் அறுத்துக் கழற்றியது நீ. என் பாதத்தை உன் வயிற்றோடு வைத்துச் சட்டையால் மூடிக்கொண்டு விடிகிற வரைக்கும் கெட்டவார்த்தையாகத் திட்டிக்கொண்டிருந்தது நீ. அதை நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப உனக்கு என்ன கேடு? டோமினோ ஆட்டத்தில் நீ கட்டையை ஒளித்தாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன், அந்தக் கோபம்தானே? ஒளித்தாய்தான். ஆனாலும் அதற்காக என் காலைப் பழிவாங்குகிறாயோ என்று எனக்குப் பலமான சந்தேகம். புரொவி சொல்கிறாள், "எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, அவருக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும்." தங்கைகள் இப்படித்தான் சொல்வார்கள்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் ஆண்டவரும் அன்னை மரியாளும் எல்லா நலமும் தரட்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
எர்மோஹெனெஸ் கின்யோனெஸ் தோரோ

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆவண அலுவலகம் நான் பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதிய படிவத்தின் நகலை அனுப்பியிருக்கிறது. 'கடைசிப் பெயர்' என்று இங்கிலீஷில் கேட்ட இடத்தில் (அவர்களுக்கு அது அப்பா வீட்டுப் பெயராம்), என் பெயரில் கடைசியாக இருப்பது தோரோ என்பதால், தோரோ என்று அழகாக எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. இரண்டு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன், என்னுடையதேதான். சியாலெஸ்காரரும் தான் பனியையே பார்த்ததில்லை என்று அவராகவே எழுதிக்கொடுத்திருக்கிறாராம். இரண்டு ஏடுகளையும் பிரித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எனவே உன் சாட்சி இனித் தேவையில்லை, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். ஒன்று மட்டும், மச்சான். அந்தப் படிவத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நீ, "டேய், இந்தக் கட்டத்துல என்னடா எழுதணும்?" என்று கேட்டாய். "கடைசியில இருக்கிற பேரை" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உன் ஏட்டை அரோச்சோவில் தேடாதே. பகானில் தேடு.